பெஜோவின் டக்டக் சத்தம்

ஈயம் கலந்த பெட்ரோல் கானாவில் நின்றுபோனதிலிருந்து குவாஜோவுக்குச் சோறு இறங்கவில்லை. எஜுராவிலிருந்து குமாசிச் சந்தைக்குக் கிழங்கு மூட்டைகளையும் கிழங்கு விற்கும் பெண்களையும் ஏற்றிப்போகும் பழைய பெஜோ வண்டிதான் அவன் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. புதுப் பெட்ரோல் பழைய எஞ்சினின் வால்வுகளைத் தின்றுவிடும் என்று ஸ்டாண்டில் ஆளாளுக்குப் பயம் காட்டினார்கள். டேங்கில் பாச்சை உருண்டை போடு என்று வைத்தியமும் அவர்களே சொன்னார்கள். போட்டான். சும்மா சொல்லக் கூடாது, கை நிறைய அள்ளிப் போட்டான்.

அப்படியும் எஞ்சினில் டக் டக் என்று ஒரு சத்தம் கிளம்பிவிட்டது. அதைக் கேட்டதும் அவன் உயிர் பாதி போய்விட்டது.

மனைவியின் அண்ணன் ஒபிரி சும்மா இருப்பானா? "ஓடுற வரைக்கும்தான் விலை, மாப்பிள்ளே. எனக்குக் குடுத்துடு. அச்சைக் கழட்டித் தள்ளுவண்டி செஞ்சுக்கறேன், எஞ்சினை யாராவது எடுத்துப்பாங்க" என்றான். குவாஜோ சரி என்று தலையாட்டிவிட்டான். மனைவியிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

எஞ்சின் தேறுமா என்று பார்க்க ஒபிரியே வண்டியைக் குமாசியிலுள்ள சுவாமே பட்டறைக்கு ஓட்டி வரச் செய்தான். அங்கே மெக்கானிக் திரமானி டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"என்ன அண்ணே, பெட்ரோல் ஊத்துனீங்களா, துணி மடிச்சு வச்சீங்களா?"

குவாஜோவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. திரமானி எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி, வால்வுக்கு மேலிருந்த இடுக்குகளில் மெல்லிய தகட்டை விட்டு ஒவ்வொன்றாக அளந்தான். பிறகு சிரித்தான்.

"வால்வு தேஞ்சு உள்ள இறங்கினா இந்த இடுக்கு குறுகும், சத்தம் அடங்கும். உங்களுக்கு இடுக்கு அகலமா இருக்கு, அதான் டக்டக்குங்குது. வால்வு உட்கார்ற இடத்துல கெட்டி வளையம் பதிச்ச எஞ்சின் இது. ஈயம் இல்லாட்டி இதுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த உருண்டையை மட்டும் நிறுத்துங்க, சாமி."

"நெஜமாவா சொல்றே?"

"இப்ப இடுக்கைக் குறைச்சு முடுக்கி விடறேன். லேசா சத்தம் இருக்கும், இருக்கட்டும். ஒருநாள் சத்தமே இல்லாமப் போச்சுன்னா அன்னிக்கு ஓடி வாங்க."

குவாஜோ வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் ஒரு நொடியில் இறங்கியதில் அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வெட்கமில்லாமல் இரண்டையும் செய்தான்.

ஒபிரிக்குத்தான் பொறுக்கவில்லை. "சிரிச்சது போதும் மாப்பிள்ளே. விக்கறேன்னு வாக்குக் குடுத்தியே, அது என்னாச்சு?"

குவாஜோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"பொணத்தைத்தான் மச்சான் விக்கறேன்னேன். உசுரோட இருக்கிறதை எவன் விப்பான்?"