வெளியே கொடுக்கலாகாது

தங்கை அந்த மலர்வளையத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிய வேகத்திலேயே வாசலுக்குப் போய்த் தெருவில் விட்டெறிந்தாள். அது உருண்டு போய் எதிர்வீட்டு ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றது. அதைக் கொண்டுவந்த புது நூலகர், நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றார்.

“என்னடி இது, சாவு வீட்டுல?” என்றாள் சித்தி.

“ரிப்பன்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா சித்தி? ‘ஊர் வரலாற்றைக் காத்தவருக்கு அஞ்சலி’யாம். காத்ததை எல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுட்டு, காத்தவருக்கு மாலை கொண்டு வந்திருக்கார். என்ன நெஞ்சழுத்தம் இருக்கணும்!”

அக்கா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். மூக்குக்கண்ணாடி இல்லாத முகம் வேறு யாருடையதோ போலிருந்தது. ஐந்து மணிக்கு வண்டி வரும். அதுவரை வருகிறவர்களுக்கெல்லாம் தங்கை ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: நேத்து சாயங்காலம், குளிக்கப் போனா, படியில உக்காந்தா, அவ்வளவுதான். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மாரடைப்பாவது மண்ணாங்கட்டியாவது. அறுபத்திரண்டு வயதில் மூச்சு வாங்காமல் நூலகத்து மாடிப்படி ஏறியவள் அக்கா. அவளைக் கொன்றது எது என்று தங்கைக்குத் தெரியும். அதைச் செய்தவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இதோ இங்கே நிற்கிறார்.

அக்கா முப்பத்தாறு வருடம் பொது நூலகத்தில் வேலை பார்த்தாள். நூலகத்தின் பின்னறையில் ஒரு பச்சை இரும்பு பீரோ உண்டு. ஊர் அலமாரி என்று அதற்கு அவளே பெயர் வைத்திருந்தாள். வெள்ளத்தில் கூரைமேல் ஏறி உட்கார்ந்தவர்களின் புகைப்படம், மூடிப்போன பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு, வேலைநிறுத்தத் துண்டறிக்கை, பெயர் மாறிய தெருக்களின் பட்டியல். பார்க்கிறவர்களுக்குக் குப்பை. ஆனால் வயதை நிரூபிக்க முடியாதவரும், தாத்தா இருந்த வீடு எது என்று தேடுகிறவரும், கடைசியில் அந்த பீரோ முன்னால்தான் வந்து நிற்பார்கள். ஒன்றையும் வீட்டுக்குக் கொடுக்கமாட்டாள். எல்லாவற்றின்மேலும் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருப்பாள்: வெளியே கொடுக்கலாகாது. அங்கேயே மேஜையில் உட்கார்ந்து, அவள் கண்ணெதிரே படித்துவிட்டுப் போக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் பத்து மணிக்குப் போய் அந்த மேஜையில் உட்கார்ந்துகொள்வாள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அதில் சாயப்பட்டறைத் தீ விபத்தின் பதிவேடு இருந்தது. நாற்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் பாய்லர் வெடித்தபோது பத்தொன்பது பேர் செத்ததாகக் கம்பெனி சொன்னது. அரசாங்கமும் அதையே சொன்னது. தினக்கூலிக்குப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. அக்கா வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதினாள். அவள் பதிவேட்டில் முப்பத்துநாலு பேர். இருபத்தேழாவது பேர் அவர்களுடைய அப்பா. அப்பா அந்தப் பட்டறையில் வேலை செய்தார், அங்கே செத்தார் என்று சொல்ல உலகத்தில் வேறு காகிதம் கிடையாது.

“மேடம், இது என் சொந்த முடிவு இல்ல,” என்றார் நூலகர், குரலைத் தாழ்த்தி. “பத்து வருஷமா யாரும் எடுக்காததைக் கழிச்சிடணும்னு உத்தரவு. பின்னாடி ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டைப் பாத்துதான் பட்டியல் போட்டோம். அந்த அலமாரியில ஒரு சீட்டுல கூட ஒரு தேதி இல்ல. நான் என்ன பண்ண முடியும்?”

எப்படி இருக்கும்? வெளியே கொடுக்காததற்குத் தேதி எங்கிருந்து வரும்? படித்த கூட்டம் இது. சீட்டைப் பார்க்கத் தெரிந்தது, அட்டையில் சிவப்பாக எழுதியிருந்ததைப் பார்க்கத் தெரியவில்லை.

அக்காமேலும் தங்கைக்குக் கோபம்தான். திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய், காலி பீரோவைப் பார்த்துவிட்டு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டாள். “உத்தரவு வந்தது உனக்கு முன்னாடியே தெரியுமில்ல? சீட்டுக்கு நாலு தேதியைக் குத்தி வச்சிருந்தா என்னக்கா? யார் கேக்கப் போறா?”

“எடுக்காததை எடுத்ததா நான் எழுதினா, அப்புறம் அந்த அலமாரியில இருக்கிற எதைத்தான் ஒருத்தர் நம்புவார்?” என்றாள் அக்கா.

பெரிய அரிச்சந்திரன் பரம்பரை. அன்றைக்குத் தங்கை கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். புதன்கிழமைதான் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். புதன்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். “தலைமை ஆபீஸ் வரைக்கும் போய்ப் பெரிய அதிகாரியைப் பாக்கணும். கார்ல கொண்டு போய் விடறியா?” மாணவர் ரவுண்டானா நடுவில் வண்டியை நிறுத்தியிருந்தார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. “கிளாஸ்ல இருக்கேன்கா. சனிக்கிழமை போலாம்.” அக்கா சரி, பரவாயில்லை என்று வைத்துவிட்டாள். மறுநாள் இரண்டு பஸ் மாறி, வெயிலில் நின்று, அதிகாரியைப் பார்க்க முடியாமல் திரும்பி வந்து, குளிக்கப் போனாள்.

அந்த மாணவர் இதே நூலகர்தான். மூன்று வாரமாக வருகிறார். யாருக்காக அக்காவை வேண்டாம் என்றாளோ அவர் கையைத்தான் ஸ்டியரிங்கில் பிடித்து வைத்து, கிளட்ச்சை மெதுவா விடுங்க சார், மெதுவா, என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நூலகத்து அட்டெண்டர் அம்மா அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“காலையிலயே பழைய பேப்பர்க் கடை வேன் வந்து ஆறு மூட்டையை ஏத்திட்டுப் போயிடுச்சும்மா. இன்னும் அஞ்சு மூட்டை சைக்கிள் கொட்டகையில கெடக்கு. மூணு மணிக்குத் திரும்ப வரும்னு சொன்னாங்க.”

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். தங்கை அக்காவின் அறைக்குப் போய், மேஜை இழுப்பறையைக் கலைத்து, தன் பெயர் போட்ட நூலக அட்டையை எடுத்தாள். முப்பது வருடமாக அவள் ஒரு புத்தகமும் எடுத்ததில்லை. ஆனாலும் வருடா வருடம் அக்காவே அதைப் புதுப்பித்து வைப்பாள். ஆணியில் தொங்கிய கார் சாவியையும் எடுத்துக்கொண்டாள்.

“எங்கே கிளம்பறே?” என்று கணவர் குறுக்கே வந்தார். எலக்ட்ரீஷியன்; சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். “அக்காவை வச்சுட்டு வெளியே போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“அக்கா எங்கயும் போயிட மாட்டா. வேன் போயிடும்.” பிறகு நூலகரைப் பார்த்தாள். “சார், நீங்களும் ஏறுங்க.”

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். நூலகர் பின்னாலேயே போனார். மூன்று வாரமாக அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகியிருந்தார். பழக்க தோஷத்தில் டிரைவர் சீட்டுப் பக்கம் போனவரைத் தங்கை முறைத்தாள். சுற்றி வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். மேலே ‘பழகுநர்’ பலகையோடு அந்தக் கார் அவ்வளவு வேகமாகப் போய் அந்தத் தெரு பார்த்ததில்லை. அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருந்தது. அதை மிதிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

கொட்டகையில் வேன்காரர் முதல் மூட்டையைத் தராசில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“இறக்குங்கண்ணே,” என்றாள் தங்கை.

“எனக்கு டெண்டர் விட்டாச்சும்மா.”

“கையெழுத்து போட்டாச்சா?”

“எடை போட்டப்புறம்தான் போடுவாங்க.”

“அப்ப இன்னும் லைப்ரரி சொத்துதான்.” நூலகர் பக்கம் திரும்பி அட்டையை நீட்டினாள். “நான் மெம்பர். எனக்கு இதெல்லாம் இரவல் வேணும். சீட்டுல தேதி விழுந்துட்டா உங்க பட்டியல்ல இருந்து வெளியே வந்துடுமில்ல?”

நூலகர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்துக் காட்டினார். முகத்தில் வேர்த்துக் கொட்டியது. “வரும் மேடம். ஆனா இதை இரவல் தர முடியாது. நீங்களே பாருங்க, உங்க அக்கா எழுத்துதான். வெளியே கொடுக்கலாகாதுன்னு ஒட்டியிருக்கு. ரூல் ரூல்தானே?”

தங்கை அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள். மூன்று வாரமாகச் சார் சார் என்று வாயாரக் கூப்பிட்டது எங்கே போயிற்றோ.

“வெளியே கொடுக்கக் கூடாதுன்னா எடைக்கு எப்படிடா கொடுத்தே? அது உள்ளேயா? அந்த ஆறு மூட்டை எங்கேடா போச்சு? எழுத்தைப் படிக்கத் தெரியாமதான் நூலகர் வேலைக்கு வந்தியா?”

வேன்காரர் தராசிலிருந்து மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கினார். நூலகர் கையிலிருந்த சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக அதைப் படிப்பது போலிருந்தது. பிறகு உள்ளே போய்த் தேதி முத்திரையும் மைப்பெட்டியும் கொண்டுவந்து, சைக்கிள் கொட்டகையின் திண்டில் வைத்தார்.

“ஒரு கார்டுக்கு மூணுதான் மேடம்,” என்றார்.

அட்டெண்டர் அம்மா பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள். “என்கிட்ட ஒரு கார்டு இருக்கு,” என்றாள். வேன்காரர் தலையைச் சொறிந்தார். “எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. பொண்ணுக்கு ஸ்கூல் விஷயமா வந்தப்ப அந்தம்மா விடாம எழுதி வாங்கிட்டாங்க.”

அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. அக்காவிடம் ஒரு விஷயமாக வந்தவர் எவரும் உறுப்பினர் படிவம் நிரப்பாமல் திரும்பியதில்லை. பால்காரரைக்கூட அவள் விட்டதில்லை. இதைச் சொல்லி வீட்டில் எத்தனை கேலி! கணவருக்குப் போன் போட்டாள். “அங்கே இருக்கிறவங்க எல்லாரையும் லைப்ரரி கார்டை எடுத்துக்கச் சொல்லுங்க. ஏன்னு கேக்காதீங்க. அக்காவோட வண்டி இந்த வழியாதானே போகணும்? இங்கே நிறுத்துங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. “சரி,” என்றார்.

தங்கை தரையில் உட்கார்ந்து மூட்டைகளைப் பிரித்தாள். வெள்ளப் படங்கள் இல்லை. சேர்க்கைப் பதிவேடு இல்லை. போன ஆறில் போய்விட்டன. இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை. நான்காவதில், துண்டறிக்கைக் கட்டுகளுக்கு அடியில், நீல அட்டை போட்ட பதிவேடு கிடந்தது. இத்தனை வருடத்தில் அதை அவள் திறந்து பார்த்ததே இல்லை. பழைய பேப்பர் என்றுதான் சொல்லுவாள்.

இருபத்தேழாவது பக்கம். அப்பாவின் பெயர், வயது, சுமை தூக்கும் வேலை, தினக்கூலி. கீழே அக்காவின் குண்டு எழுத்து: ‘தகவல் சொன்னவர் இளைய மகள், வயது பதினொன்று. அன்று காலை தன் செருப்பு வார் அறுந்திருந்ததாகவும், பட்டறையில் ஊசி இருக்கிறது, தைத்துக் கொண்டுவருகிறேன் என்று அப்பா அதைக் கையில் எடுத்துப் போனதாகவும், தான் வெறுங்காலோடு பள்ளிக்குப் போனதாகவும் சொன்னார். பட்டறை வளாகத்தில் ஒரு சிறுமியின் செருப்பு கிடந்ததாகப் பதினான்காம் பக்கத்துச் சாட்சியும் சொல்கிறார்.’

தங்கைக்கு இது எதுவுமே நினைவில் இல்லை. செருப்பு என்ன நிறம்? யோசித்தாள். வரவில்லை. பதினொரு வயதில் சொல்லியிருக்கிறாள். அக்கா கேட்டு எழுதி, சாட்சியோடு ஒத்துப் பார்த்து, பூட்டி வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்தப் பாவி? வா, வந்து படி என்று ஒரு நாள் தரதரவென்று இழுத்துப் போயிருக்கக் கூடாதா?

“முத்திரையைக் குடுங்க,” என்றாள். கடைசிப் பக்கத்துச் சீட்டு வெள்ளையாக இருந்தது. மை ஊறும்படி அழுத்திக் குத்தினாள். முதல் தேதி விழுந்தது.

ஐந்தேகாலுக்கு அக்காவின் வண்டி வந்து நூலக வாசலில் நின்றது. பின்னால் வந்தவர்கள் அட்டையும் கையுமாக இறங்கினார்கள். சித்தி புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். “எழவு வீட்டுக்காரங்களை இப்படி வரிசையில நிக்க வைக்கறாளே,” என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று கட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பால்காரர் தெருப் பெயர்ப் பட்டியலை வாங்கினார். அட்டை கொண்டுவராதவர்களுக்கு நூலகரே படிவம் எழுதினார். யாரும் அவரோடு பேசவில்லை. அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தங்கை குத்திக்கொண்டே இருந்தாள். ஐந்து மூட்டையும் தீர்ந்தன. போன ஆறைக் கேட்க வேன்காரர் கடைக்குப் போன் போட்டார். காலையிலேயே காகித மில்லுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்.

“பதினஞ்சு நாள்ல எல்லாரும் திருப்பிக் கொடுத்துடணும்,” என்றாள் தங்கை, கூட்டத்தைப் பார்த்து. பிறகு நூலகரிடம், “அதுக்குள்ள அந்த பீரோவைத் துடைச்சு வைங்க. சாவி அட்டெண்டர் அம்மாகிட்ட இருக்கட்டும். நான் தினமும் பத்து மணிக்கு வருவேன்.”

“கிளாஸ்?” என்றார் அவர்.

“அதைப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம்.”

இடுகாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. பெட்டியை மூடுமுன் தங்கை குனிந்து, அக்காவின் கழுத்தருகே கலைந்திருந்த வெள்ளைத் துணியைச் சரி செய்தாள். கையை எடுத்தபோது துணியில் ஊதா மையில் அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

“அய்யோ, கறை,” என்று சித்தி முந்தானையால் துடைக்க வந்தாள்.

தங்கை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.