குதிகாலுக்குள் போன சத்தம்

மூன்றாவது தடவையும் மிஷின் அவள் காலை ஏற்க மாட்டேன் என்றுவிட்டது. செருப்பு வைத்துத் தரும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும் அது. நடுவில் குதிகால் உட்கார ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் களிம்பு தடவிய இரண்டு வில்லைகள். காலை வைத்ததும் லேசாக முனகும், திரையில் சிவப்பாக ஏதோ காட்டும், அடங்கிவிடும்.

“அக்கா, குதிகால்ல என்னத்தப் பூசியிருக்கீங்க?” என்றாள் நர்ஸ்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். படித்தவர்கள் கையில் காலைக் கொடுக்கப் போகிறோமே என்ற கூச்சத்தில், மெழுகுவத்தியை உருக்கி வெடிப்புகளில் விட்டு வழவழவென்று ஆக்கிக்கொண்டு வந்திருந்தாள். சிமெண்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். வெடிப்பில் கலவைத் தண்ணீர் இறங்கினால் உயிர் போய்விடும்.

“மெழுகு, சிஸ்டர்.”

“டைல்ஸ் இடுக்க அடைக்கிற மாதிரி அடைச்சிட்டு வந்திருக்கா,” என்றார் பக்கத்தில் நின்ற மேஸ்திரி. அவர்தான் அவள் புருஷன். அவர் டைல்ஸ் பதிப்பார், அவள் தூக்கிக் கொடுப்பாள். எத்தனை மாடியானாலும் பெட்டி பெட்டியாகத் தலையில் ஏற்றுவதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு ‘லிப்ட்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த லிப்ட்டு போன மாதம் கடைசிப் படியில் சும்மா தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு ஒடிந்துபோனது. இதற்கெல்லாமா ஒடியும் என்று கட்டுப் போட்ட டாக்டர் யோசித்துவிட்டு, எலும்பின் பலத்தைப் பார்க்க இங்கே அனுப்பினார். கை ஒடிந்ததற்குக் காலைப் பார்க்கிறார்களே என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தவள்தான்.

“இந்தப் பக்கமிருந்து சத்தம் போகும்க்கா. காதுக்குக் கேக்காத சத்தம். எலும்பு கெட்டியா இருந்தா அந்தப் பக்கம் சீக்கிரமா வந்து சேரும். உள்ள பஞ்சு மாதிரி ஆயிருந்தா மெதுவாத்தான் வரும். நடுவுல மெழுகும் காத்தும் இருந்தா எப்படிப் போகும்?”

அவளும் மேஸ்திரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தரை காய்ந்ததும் அவர் குத்தவைத்து, சாந்துக் கரண்டியின் காம்பால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்பார். அடியில் கலவை நிறைந்திருந்தால் ஒரு சத்தம். இல்லாவிட்டால் பொக்கென்று இன்னொரு சத்தம்.

நர்ஸ் வெந்நீர் கொண்டுவந்து, முக்காலியில் உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஐயோ, விடுங்க சிஸ்டர், நானே தேச்சுக்கிறேன்.”

“கட்டுப் போட்ட கைய வச்சுக்கிட்டா? சும்மா இருங்க.”

மெழுகு சுருள் சுருளாகக் கழன்று விழுந்தது. தன் குதிகாலை இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. வெளுத்து, கோடு கோடாகப் பிளந்து, யாருடையதோ போல இருந்தது. ஏறின மாடியெல்லாம் இதை ஊன்றித்தான் ஏறியிருக்கிறாள். ஒரு நாளும் இது வாய் திறந்ததில்லை.

மறுபடி காலை வைத்தார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இதோ, இந்த நிமிஷம், ஒரு சத்தம் தன் எலும்புக்குள் நுழைந்து, தான் பார்த்தறியாத அறைகளையெல்லாம் தாண்டி, அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. பிள்ளை முதல்முதலாக வயிற்றுக்குள் புரண்டபோது இப்படித்தான் சிலிர்த்தது.

நர்ஸ் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எலும்பு பலம் கம்மியாத்தான் இருக்குக்கா. இதுவே முடிவு இல்ல. பெரிய ஆஸ்பத்திரில இடுப்புக்கும் முதுகுக்கும் ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் தலைச்சுமை கூடாது.”

“லிப்ட்டு ரிப்பேரா?” என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “சிஸ்டர், டைல்ஸ் பொக்குன்னு இருந்தா நாங்க உடனே பேத்து எடுக்கிறதில்ல. ஓரத்துல சின்னதா ஓட்டை போட்டு சிமெண்டுப் பால் விடுவோம். உள்ள போய்க் கெட்டியாயிரும். இதுக்கும் அப்படி ஏதாச்சும்...”

“மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. டாக்டர் பாத்துச் சொல்வாங்க. முழுசா நிரம்பாட்டியும் மேல மேல மோசமாகாமப் பாத்துக்கலாம்.”

வெளி வாசலில் படிகள் இருந்தன. எண்ணிப் பார்க்காமல் இறங்குகிறவள் முதல் படியிலேயே நின்றுவிட்டாள்.

“நாளைக்கு மூணாவது மாடிக்கு யாருங்க தூக்குவா?”

அவர் அவளைப் படியில் உட்காரவைத்து, செருப்பை எடுத்து வந்து, கீழ்ப்படியில் குத்தவைத்தார். குதிகாலைக் கையில் ஏந்தியதும் பழக்கதோஷத்தில் விரல் முட்டி மடங்கித் தட்டப் போனது. தட்டவில்லை. மெல்ல விரலை விரித்து, உள்ளங்கையை அதன்மேல் பதித்து, தலையைச் சாய்த்துக்கொண்டார். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.