உருகுவதற்குள்

பல் டாக்டரம்மாவுக்கு அடுத்தவர் வாய் புதிதல்ல. ஒரு நாளைக்கு இருபது வாய்க்குள் கையை விட்டு, சொத்தையைச் சுரண்டி, வேரோடு பிடுங்கி, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிம்மதியாக மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவள். அப்படிப்பட்டவளை எட்டு வயதுக்காரியின் ஒரே ஒரு சொல் பத்து மாதமாகக் குத்திக்கொண்டிருந்தது. ‘எச்சில்.’

கல்யாணம் ஆகிப் பத்து மாதம். அவருக்கு இரண்டாவது, இவளுக்கு முதலாவது. அவருடைய மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்பார்கள். பேர்தான் வாலு, டாக்டரம்மாவிடம் ஒரு வம்பும் செய்ததில்லை. ‘ஆன்ட்டி, ஆன்ட்டி’ என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசுவாள். ஆனால் டாக்டரம்மா ஒரு மடக்குக் குடித்த பாட்டிலை வாலு தொடமாட்டாள். கடித்துவிட்டு நீட்டிய பிஸ்கட்டை வாங்கமாட்டாள். "எச்சில் ஆன்ட்டி" என்பாள். அப்பாவின் தட்டிலிருந்து மட்டும் உரிமையோடு எடுத்துத் தின்பாள்.

"சுத்தம் பாக்குறா, நல்லதுதானே? நீதான் பல் டாக்டராச்சே" என்று கணவர் சிரிப்பார். ஒருநாள் அவரே வாய்தவறிச் சொல்லிவிட்டார்: "அவங்க அம்மா இருந்தப்ப, அவ கடிச்ச மிச்சத்தத்தான் இவ கேட்டு வாங்கித் தின்பா."

நாலு வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை. சுத்தமாவது மண்ணாவது என்று டாக்டரம்மாவுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அந்த மிச்சம் கேட்கிற உரிமையை இந்தக் குழந்தை தன்னிடம் என்றைக்காவது எடுத்துக்கொள்ளாதா என்று அவள் ஏங்கினாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள்.

பரீட்சை முடிந்த விடுமுறையில் மூவரும் வெளிநாடு போனார்கள். மூன்றாம் நாள் உச்சி வெயிலில், ஒரு பெரிய சதுக்கத்தின் மூலையில் ஜெலாட்டோ ஐஸ்கிரீம் கடை. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் என்று சொந்தக்காரர்களிடம் பேரெடுத்த கணவர் அன்று தாராளமாக வாலுவுக்கு ஒரு கோன் வாங்கித் தந்தார். கடைக்காரப் பெண் உருண்டையாகப் போடாமல், கொத்தனார் பூசுவதுபோலத் தட்டைக் கரண்டியால் கீழே மாம்பழமும் மேலே பிஸ்தாவுமாக அப்பிக் கொடுத்தாள்.

"நீங்க உக்காருங்க, நான் போய் மியூசியம் டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன்" என்று அவர் கிளம்பினார். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு வேணாமா ஆன்ட்டி?"

"ஜில்லுனு பட்டா எனக்குப் பல்லு கூசும், கண்ணு."

"டாக்டருக்கேவா?"

"ஊருக்குத்தான் உபதேசம்" என்றாள். வாலு களுக்கென்று சிரித்தாள்.

சிரித்த நேரத்தில் வெயில் தன் வேலையைக் காட்டியது. பிஸ்தா உருகி விரலுக்கு வந்தது, விரலிலிருந்து முழங்கைக்குப் போனது. வாலு ஒரு பக்கம் நக்கினால் மறுபக்கம் ஒழுகியது. சுற்றியிருந்த தாள் நைந்து கையோடு ஒட்டிக்கொண்டது. மேல்பகுதி மெல்லச் சாய்ந்தது.

"ஆன்ட்டி, விழப்போகுது!" என்று கோனை அவள் கையில் திணித்தாள்.

சுற்றி ஒருமுறை நக்கினால் நின்றுவிடும். ஆனால் நக்கினால் எச்சில். பிறகு குழந்தை வேண்டாமென்று சொல்லிவிட்டால்? அந்தச் சொல்லை இன்னொருமுறை கேட்கத் தெம்பில்லை அவளுக்கு. தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள், ஒரு கோனைப் பிடித்துக்கொண்டு கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கப் ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

"அதுக்குள்ள ஊத்திடும்! நக்குங்க ஆன்ட்டி, சீக்கிரம்!"

நக்கினாள். அடியிலிருந்து மேலாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல், சுற்றிலும் வழித்தெடுத்தாள். கூச்சம் கடைவாயில் பிடித்துக் காதுவரை ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே கோனை நீட்டினாள்.

வாலு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துடைக்கவில்லை. நக்கிய இடத்திலேயே நாக்கை வைத்தாள். நாலு வாய் ஆனதும், மறுபடி ஒழுகுவதற்குள், தானாகவே நீட்டினாள். "இப்ப உங்க டர்ன்."

பல் கிடக்கட்டும், கழுதை. அவள் மறுபடியும் நக்கினாள். இப்படி மாற்றி மாற்றி மாம்பழம்வரை வந்துவிட்டார்கள்.

கணவர் டிக்கெட்டோடு வந்து சேர்ந்தபோது, வாலுவின் கையில் கோனின் கூர்நுனி மட்டும் இருந்தது.

"எனக்கு எங்கடி வாலு?"

"போப்பா, எச்சில்" என்றவள், ஓரமெல்லாம் தன் பல் பதிந்திருந்த அந்த நுனியை டாக்டரம்மாவின் வாயில் வைத்தாள். "இதுல ஐஸே இல்ல ஆன்ட்டி. கூசாது."

கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, கண்ணு கலங்கியிருக்கு?" என்றார்.

"பல்லு கூசுதுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அதை மெல்ல மென்றாள்.