ஐசு கையை அசைக்கவில்லை

செப்டம்பர் 10, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். எக்ஸ்ரே எடுக்கும்போது அழுத குழந்தையை நானே பிடித்துக்கொண்டேன். ஈய ஏப்ரன் போட்டிருந்தேன். ஆனாலும் தவறு.

பவித்ரா 'ஆனாலும்' என்பதை அடித்துவிட்டு, யோசித்து, மறுபடி அதையே எழுதினாள். பழவேற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அவள் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம். மாலையில் பொன்னேரியில் வகுப்பு. அன்றன்று செய்ததை நோட்டில் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள்.

பிடித்தது ஏன் தவறு என்று டெக்னீஷியன் நீலமேகம் திட்டாமல்தான் சொன்னார். "கூட வர்றவங்க என்னிக்கோ ஒருவாட்டி வர்றாங்க. நீ டெய்லி இங்கயே கீற. வர்ற புள்ளைங்கள எல்லாம் நீயே புடிச்சா உன் ஒடம்பு இன்னா ஆவும்?"

மறுநாள் காலை கலைவாணி வந்தாள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிப்பவள். அவளுடைய நாலு வயது மகள் ஐசு கரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. நாத்தனார் சரோஜாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் கூடவே வந்திருந்தார்கள். ஐந்து பேரும் அறைக்குள் நுழையப் பார்த்தார்கள்.

"இன்னா, கல்யாண போட்டோவா புடிக்கிறோம்?" என்றார் நீலமேகம். ஒருவர் போதும், அவரும் ஏப்ரன் போட்டுக்கொண்டு, கதிர் விழும் இடத்தில் கை வைக்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்றார். மற்றவர்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அடுத்து பவித்ரா கேட்க வேண்டிய கேள்வி. பெஞ்சு கதவை ஒட்டியே கிடந்தது. குரலைத் தாழ்த்தி, நாள் ஏதும் தள்ளியிருக்கிறதா என்று கேட்டாள். கலைவாணி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானை மறைவில் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள்: இரண்டு மாதம்.

"முன்னாடி ரெண்டு கலைஞ்சிபோச்சும்மா," என்றாள், காதோடு காதாக. "மூணு மாசம் தாண்டட்டும்னு யாராண்டயும் சொல்லல."

கருவில் கதிர் படக்கூடாது, அதனால் அவள் பிடிக்கக்கூடாது. ஆனால் தாய் ஏன் பிடிக்கவில்லை என்று வெளியே ஐந்து நிமிடத்தில் பேச்சாகிவிடும். சரோஜாவை அழைத்துப் பார்த்தார்கள். அவள் தொட்டதுமே ஐசு அலறி அம்மாவின் புடவையைப் பற்றிக்கொண்டாள். சரோஜா முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுக்குத் திரும்பினாள். பவித்ராவின் கை தானாக ஏப்ரன் பக்கம் போனது. நேற்று எழுதிய வரி நினைவுக்கு வர, கையை இழுத்துக்கொண்டாள். வேறு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

கலைவாணிதான் கேட்டாள், மூலையில் இருந்த கண்ணாடி வைத்த தடுப்புக்குப் பின்னால் நிற்கலாமா என்று. அது ஈயத் தடுப்பு, கண்ணாடியும் ஈயக் கண்ணாடி, அங்கே பயமில்லை என்றார் நீலமேகம். அவள் மகளை மேஜை அருகே உட்கார வைத்தாள். வீங்கிய கையை எக்ஸ்ரே தட்டின் மேல் மெதுவாகப் பரப்பி வைத்தாள். பவித்ரா குழந்தையின் மடிமேல் சின்ன ஏப்ரனைப் போர்த்தினாள். மூவரும் தடுப்புக்குப் பின்னால் வந்தார்கள். ஐசுவின் உதடு கோணத் தொடங்கியது.

"ஐசு, கை தண்ணிக்குள்ள கீது," என்றாள் கலைவாணி. ஏரியில் பேசுகிற அதே தணிந்த குரல். "எறா வருது பாரு. விரலாண்ட வந்துட்ச்சி. தண்ணியக் கலக்காத."

கரையில் உட்கார்ந்து அம்மாவின் கைகளைப் பார்த்தே வளர்ந்த குழந்தை. உதடு நேரானது. விரல்கள் அப்படியே நின்றன. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டது. நீலமேகம் பொத்தானை அழுத்தினார்.

ஒரே படம், தெளிவாக விழுந்தது. எலும்பில் சின்ன விரிசல்தான். அந்த அறையில் யாரும் யாரையும் பிடிக்கவில்லை.

"எறா எங்கம்மா?" என்றாள் ஐசு.

"ஓடிட்ச்சி. நைனா வலையில மாட்டும்."

வாசலில் நீலமேகம் மற்றவர்களிடம், குழந்தை தனியாகவே சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது, யாரும் பிடிக்கத் தேவையே இல்லை என்றார். சரோஜா ஐசுவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வேறு எதையும் கேட்கவில்லை. கலைவாணி பவித்ராவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று மாலை பவித்ரா நோட்டில் கலைவாணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினாள். அவள் விரல் நீட்டிக் காட்டியதை மட்டும் எழுதவில்லை. கடைசியில் எழுதினாள்:

நாளை காலை ஒன்பது மணிக்குள் வாசல் பெஞ்சைக் கதவிலிருந்து எட்டு அடி தள்ளிப் போட வேண்டும்.