அலுவலகத்தில் புல் முளைக்காது

கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே முகாம் அக்காவுக்கு வீடு மறந்துவிடும். அடுப்பில் பால் பொங்கி வழியும், வாசலில் தபால்காரர் தொண்டை கிழியக் கத்துவார், அக்கா நூலகத்து மாடியில் இருப்பார். வயது ஐம்பத்தெட்டு. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து மாலை போட்டு அனுப்பியும் விட்டார்கள். ஆனாலும் பத்து வயதுப் பொடிசு முதல் பல் போன பெரியவர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான். கட்டிய கணவரே ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டதாகத் தெருவில் பேச்சு. நாம் பார்க்கவில்லை, கேள்விதான்.

இது முப்பதாவது எழுத்து முகாம். நான்கு மேசை, மேசைக்கு ஆறு பேர், ஆக இருபத்து நாலு இடம். சேர வேண்டுமென்றால் பிள்ளைகள் தங்கள் கையால் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். எழுதுகிறார்கள். பிள்ளைகளா என்றால், அதுதான் இல்லை.

“அக்கா, இதைக் கேளுங்க,” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த நூலகர். “‘எழுத்து என்பது ஆன்மாவின் தாகம்.’ வயசு ஒன்பது.”

“அந்தத் தாகம் அவங்க அப்பாவுக்கு. ஓரமா வைங்க.”

“இன்னொண்ணு. ‘நான் சிறு பிள்ளையாக இருந்தபோது...’ வயசு பத்து.”

“அது அம்மா. அதுவும் அங்கயே.”

பெரியவர்கள் எழுதியது பிடிபட்டால் இடம் கிடையாது. பிள்ளை நேரில் வந்து, அக்கா எதிரில் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதிக் காட்டினால் மறுபடி பார்க்கலாம். இந்த விதிக்காக அக்காவோடு பேச்சை முறித்துக்கொண்ட குடும்பங்கள் இரண்டு தெருவுக்குக் காணும்.

அன்றைக்கு அக்கா எடுத்த அடுத்த தாளில் எழுத்து வேண்டுமென்றே கோணலாக இருந்தது. பதினொரு வயதுப் பெண் பெயரில் வந்த தாள். அதையும் ஓரமாக வைக்கப் போனவரின் கை அப்படியே நின்றது.

‘என் அம்மாவின் செருப்பு வலது பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். அந்தத் தோளில்தான் கைப்பை. தாத்தாவின் செருப்பு தேய்வதே இல்லை. அவர் எங்கேயும் போவதில்லை.’

“என்னக்கா, பிள்ளை எழுதினதா?” என்றார் நூலகர்.

“இல்ல,” என்றார் அக்கா. “பிள்ளையா இருந்தப்ப இப்படித்தான் எழுதுவா.”

நூலகருக்கு இங்கே பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. நடந்ததோ இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், நாலாவது முகாமில்.

அப்போது இந்த மாடிக்கு ஒரே மின்விசிறி. மூன்றாம் எண்ணில் வைத்தால் காற்று வரும், கூடவே ஒரு முனகலும் வரும். கார்பன் தாள் வைத்துப் படி எடுப்பதால் சாயங்காலம் பிள்ளைகள் கன்னமெல்லாம் நீலம். அம்மாக்கள் வந்து தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக் கூட்டிப் போவார்கள். யாருக்கும் கைப்பேசி இல்லை, பிள்ளை எங்கே என்று கேட்டால் ‘மாடியில கிறுக்குது’ என்பார்கள். அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. நல்ல வரி ஒன்று கண்ணில் பட்டால் படியிறங்கி ஓடி, கீழே பேப்பர் படிக்கிறவரைப் பிடித்து வைத்துப் படித்துக் காட்டுவார். அவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்றெல்லாம் கேட்பதில்லை.

அந்த வருடம் ஒரு சிறுமி தன் அப்பாவைப் பற்றி எழுதினாள். அப்பா தினமும் ஷூவைப் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார். சாயங்காலம் திரும்பும்போது காலுறையில் புல் ஒட்டியிருக்கிறது. ‘அலுவலகத்தில் புல் முளைக்காது’ என்று முடித்திருந்தாள். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மனிதர் பூங்காவில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் பெற்றோரை அழைத்து, ஆகச் சிறந்ததை அக்கா வாசிப்பது வழக்கம். யார் எழுதியது என்று சொல்லமாட்டார். அன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வரி வந்ததும் கூடத்திலிருந்த அத்தனை தலையும் குனிந்தது. எல்லார் கண்ணும் தரையில் பளபளக்கும் ஷூவைத் தேடியது. மூன்றாவது வரிசையில் ஒருவர் மெதுவாகக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மறு வருடம் சிறுமி வரவில்லை. மன்னிப்புக் கேட்க அக்கா இரண்டு தடவை அவள் தெருமுனை வரை போனார், இரண்டு தடவையும் திரும்பினார். மூன்றாம் தடவை போனபோது வீடு காலி. அதற்கப்புறம் அவர் கடைசி நாளில் எதையும் வாசித்ததில்லை. அக்காவுக்கு மேடைக் கூச்சம் வந்துவிட்டது என்று நாம்தான் கதை கட்டினோம்.

அக்கா கைப்பேசியை எடுத்து, அந்தச் செருப்புத் தாளின் அடியில் இருந்த எண்ணை அழுத்தினார்.

மறுநாள் மாலை தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு முப்பத்தேழு இருக்கும். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை, சட்டையில் இன்னும் அந்த வேலையின் அடையாள அட்டை தொங்கியது. நூலகர் எதிர்ச் சுவர் அலமாரியில் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த புத்தகங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க,” என்றார் அக்கா. “இது பிள்ளை எழுதினதில்லன்னு...”

“அவதான் எழுதினா,” என்றாள் தாய், நிமிராமல்.

“அம்மா!” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு.”

அக்கா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மகளிடம் நகர்த்தினார். “எதை வேணா எழுதும்மா. கால் மணி நேரம்.”

“நீச்சல் குளம் அஞ்சரைக்கு மூடிடுவாங்க ஆன்ட்டி,” என்று முனகிக்கொண்டே எழுத ஆரம்பித்தவள், பத்து நிமிடத்தில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

‘முதலில் அனுப்பியதை நான் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுதினாள். பசிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். இரு இரு என்றாள். செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலை விட்டு வந்தால் அம்மா சிரிக்கமாட்டாள். அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு நீச்சல் வேண்டும். எழுத்து அம்மாவுக்குத்தான் வேண்டும்.’

அக்காவுக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. “சார், இதைக் கேளுங்களேன்...” என்று வாய் பாதி திறந்துவிட்டது. நூலகர் ஆவலாகத் திரும்பியும் விட்டார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தாளைக் கவிழ்த்தார்.

“கண்ணு, இதை யாரெல்லாம் படிக்கலாம்?”

இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. பெண் கொஞ்சம் யோசித்தாள். “அம்மா படிக்கலாம். அவர் வேண்டாம்.” விரல் நேராக அலமாரியைக் காட்டியது.

நூலகர் மிகுந்த கௌரவத்தோடு படியிறங்கினார். நாலாவது படியில் நின்றிருப்பார். நாமாக இருந்தால் மூன்றாவது.

தாய் படித்தாள். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். காது மடல் சிவந்துவிட்டது.

“நான்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களாக்கா?”

“முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சு.” அக்காவுக்கு இப்போது ‘ங்க’ வரவில்லை. “உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாசிச்சிருக்கணும். கேக்கல. பேர் சொல்லலியேன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்.”

“பேர் சொல்லல. ஆனா எல்லாரும் குனிஞ்சாங்களே.”

“தப்பு என்னோடதும்மா.”

தாய் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “வீடு வர்ற வரைக்கும் அப்பா பேசல. ஷூவைக் கழட்டி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டினார், அவ்வளவுதான். அடிக்கல, திட்டல. திட்டியிருந்தா மறு வருஷம் வந்திருப்பேன்.”

“இப்ப எங்க இருக்கார்?”

“எங்களோடதான். வாசல் வரைக்கும் போவார், திரும்பிடுவார்.”

“அம்மா, மணி அஞ்சாச்சு,” என்றாள் மகள்.

“இவளுக்கு நான் இடம் தர்றதா இல்ல,” என்றார் அக்கா. “அவளே வேண்டாங்குறா. நல்லா நீந்தட்டும். உனக்குக் குடுக்கலாம்னா வயசு இடிக்குது.”

தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் எழுதிய தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்தவள் மறுபடி கையை நீட்டினாள்.

“நான் அனுப்பின பேப்பரையும் குடுங்கக்கா. அது இன்னும் முடியல.”

ஓரமாக வைத்திருந்த பெரியவர்கள் தாள்களிலிருந்து அக்கா அதை உருவி இரண்டு கையாலும் கொடுத்தார். “முடிச்சா காட்டுவியா?”

“முதல்ல அப்பாகிட்ட படிச்சுக் காட்டணும். தாத்தா செருப்புன்னு எழுதினது அவரைத்தானே. அவர் சரின்னா பாக்கலாம்.”

“அவர் வேண்டான்னா?”

“வேண்டாந்தான்.”

அக்கா தலையாட்டினார். வாயில் வந்து நின்ற இன்னொரு கேள்வியை விழுங்கிக்கொண்டார். அந்த வாய்க்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெருவுக்கே தெரியும்.

“சரிம்மா,” என்றார். “அவருக்குப் பின்னால வரிசையில நிக்கிறேன்.”