சோப்பு பூசிய பெட்ரோல் குழாய்

ராக்கெட் என்று அவனுக்குப் பேர் வைத்த புண்ணியவான் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். பச்சை விளக்கு முழுசாக எரிவதற்குள் அவன் வண்டி பாதித் தெருவைத் தாண்டியிருக்கும். அடுத்த சிவப்பில் பிரேக்கை நசுக்கி நிற்கும். சொந்தமாக ஒரு பழைய வாடகைக் கார் வைத்துப் பிழைக்கிறவன் இப்படி ஓட்டினால் விளங்குமா? விளங்கவில்லை. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்தான் ஓடியது அந்த வண்டி.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அண்ணியின் கார் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்குவதற்கு முன்பே ஹாரனை அடித்தான்.

"அண்ணி, மூணு மணிக்கு எனக்குப் பரீட்சை!"

"பள்ளிக்கூடத்துலயே எழுதாத பரீட்சையா கொழுந்தனாரே?" என்றாள் அண்ணி.

விஷயம் இதுதான். சிறுநீரகச் சிகிச்சை நிலையம் ஒன்றில், நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒரு கார் கேட்டிருந்தார்கள். வருஷம் பூராவும் வேலை. ஆனால் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். மேற்பார்வை பார்க்கும் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பாராம். இதுவும் கைவிட்டுப் போனால் காரை விற்றுவிட்டு இன்னொருத்தன் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டியதுதான். மனைவியிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை. அண்ணியிடம் சொன்னான்.

அண்ணி பானெட்டைத் திறக்கச் சொல்லி மூக்கை நீட்டினாள். ஒரே இழுப்புதான்.

"பெட்ரோல் கசியுது. எஞ்சின் ஆறட்டும், அப்புறம் கை வைக்கிறேன்."

"ஆறணுமா? எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம்."

ராக்கெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர்ல எல்லாரும் வாயில சிகரெட்டோட இந்த வேலையைப் பண்றாங்க அண்ணி!"

"பண்றாங்க. அதுல பாதிப் பேருக்குப் புருவம் இல்ல, பார்த்திருக்கியா?"

அண்ணன் அதே பட்டறையில் டயர் வேலை பார்ப்பவர். வீட்டில் மட்டுமல்ல, இங்கேயும் அவள்தான் முதலாளி என்று தானே சிரித்துக்கொண்டு சொல்கிற மனுஷன். எஞ்சின் ஆறுகிற நேரத்தில் அவர் நாலு டயரிலும் காற்றைப் பார்த்தார். நாலிலும் கம்மி. தலையை ஆட்டிக்கொண்டே நிரப்பினார். அண்ணி காற்று வடிகட்டியை உருவித் தட்டினாள். அடேயப்பா, ஒரு முறம் புழுதி!

"மூக்கை அடைச்சுவிட்டு ஓடச் சொன்னா நீ ஓடுவியா? இது மட்டும் ஓடணுமா? சரி, கூரை மேல அந்த இரும்புக் கேரியர் எதுக்கு?"

"எப்பவாச்சும் சாமான் ஏத்த..."

"எப்பவாச்சும் வர்ற சாமானுக்காக எப்பவும் சுமக்குறியாக்கும்? கழட்டு."

கழட்டினான். அண்ணியிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

பதினோரு மணிக்குப் பட்டறையின் இரண்டு பக்கக் கதவுகளையும் விரியத் திறந்தாள். தீயணைப்பு உருளையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். ராக்கெட்டின் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கித் தெருப்பக்கம் வீசினாள். கண்ணாடி மாட்டிக்கொண்டாள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸை உருவிவிட்டு எஞ்சினைக் கிளப்பினாள். அது நாலு மூச்சு விட்டுவிட்டு நின்றது. இன்னொரு தரம் சாவியைத் திருகினாள். ஒன்றுமில்லை. குழாயில் அழுத்தம் தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினாள். பெட்ரோல் வடிகட்டியின் இணைப்பைச் சுற்றித் துணியைப் பொதிந்து மெல்லத் திருகினாள். சொட்டுச் சொட்டாக வந்ததைத் துணி குடித்துக்கொண்டது. ஒரு துளி கீழே விழவில்லை.

அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான் ராக்கெட். அவசரம் என்ற சாமானே அந்தக் கைகளில் இல்லை. ஆனால் ஒரு அசைவு கூட வீணாகவும் இல்லை. இத்தனை வருஷமாக இவளைக் கேலி பண்ணிக்கொண்டு திரிந்தோமே என்று முதன்முதலாக அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது அண்ணி டார்ச்சை இன்னும் உள்ளே அடித்தாள். "இது என்னடா கண்றாவி?"

எஞ்சினில் மிஞ்சுகிற பெட்ரோல் டேங்குக்குத் திரும்புகிற குழாயில், ஒரு சாண் நீளத்துக்கு வேறு ஏதோ செருகியிருந்தது. தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் கட்டுக்கம்பி முறுக்கி, மேலே துணி சோப்பை அப்பியிருந்தது. குழாய் ஊறி வெளுத்துக் கிடந்தது. அதன் அடிவயிற்றில் ஒரு துளி நின்றது. நேர் கீழே புகைக்குழாய். வண்டி ஓடினால் கொதிக்கிற இடம்.

"யார் வேலை இது?"

"வழியில... ஒரு மெக்கானிக்."

"அவன் மெக்கானிக்கா? அவன் கையில அடுப்பை நம்பிக் குடுக்க முடியுமா? அறிவுன்னு ஒண்ணு இருந்தா இதைப் பண்ணுவானா? அவனைப் பெத்தவங்க..."

"அண்ணி, போதும். நான்தான்."

அண்ணி அவனைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது அவனுக்கு. இரண்டு மாசத்துக்கு முன்னால் குழாய் பிய்ந்தபோது, சவாரி பாதியில் நிற்கக் கூடாதென்று, பெரிய கெட்டிக்காரனாட்டம் செய்த காரியம். அப்புறம் மறந்தே போனான்.

அண்ணன் பெட்ரோலுக்கென்றே உள்ள ரப்பர் குழாய் வாங்க ஓடினார். ஒரு மணிக்குத் திரும்பினார். வாங்கி வந்தது ஒரு அளவு பெரிசு.

"கிளாம்ப் போட்டு இறுக்கிட்டா நிக்கும் அண்ணி."

"நிக்காது." அண்ணன் மறுபடி ஓடினார். இந்த முறை டவுனில் உள்ள பெரிய கடைக்கு.

மணி இரண்டு. ராக்கெட் அண்ணி முன்னால் வந்து நின்றான். "அண்ணி, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். பழசையே இன்னைக்கு மட்டும் மாட்டிடலாம். ரெண்டு மாசம் தாங்குச்சு, ரெண்டு மணி நேரம் தாங்காதா? என் பொழப்பு அண்ணி இது!"

அண்ணி ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீயே மாட்டு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பின்சீட்ல யாரை உக்கார வைப்ப? ஒரு ஆளைச் சொல்லிட்டு மாட்டு."

அவன் யோசித்தான். மனைவி? அண்ணன்? ஐயோ! தினமும் வாசலில் குப்பையைத் தள்ளிவிட்டு வம்புக்கு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரனைக்கூட நினைத்துப் பார்த்தான். அந்த ஆளையும் உட்கார வைக்க மனசு வரவில்லை.

ஸ்பேனரைக் கீழே வைத்தான். மேற்பார்வை அம்மாவுக்குப் போன் போட்டான். "மேடம், என் வண்டியில பெட்ரோல் கசியுது. ரயில்வே கேட் பக்கத்துல எங்க அண்ணி பட்டறையில நிக்குது. சரி பண்ணாம கொண்டு வர மாட்டேன். மூணு மணிக்கு வர முடியாது."

"ஆளுக்கொரு கதை வச்சிருக்கீங்க," என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

போச்சு. எல்லாம் போச்சு. அவன் பழைய டயர் மேல் போய் உட்கார்ந்தான்.

மூன்று மணிக்குச் சரியான குழாய் வந்தது. புது வடிகட்டி, புது வாஷர். பழையதை ஒன்றுகூட அண்ணி திரும்பப் போடவில்லை. ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டி, குழாயில் பெட்ரோல் ஏறட்டும் என்று, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் மூன்று தரம் போட்டுப் போட்டு அணைத்தாள். ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத்தாளை ஒற்றி எடுத்தாள். ஈரமில்லை. எஞ்சினைக் கிளப்பி, புதுக்குழாயில் மறுபடி ஒற்றினாள். தாள் அப்படியே வெள்ளையாக வந்தது.

அந்த நேரம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மேற்பார்வை அம்மாதான். சொன்னது நிஜமா என்று நேரில் பார்க்க வந்திருந்தார். மேஜையில் கிடந்த சோப்புக் குழாயை விரலால் தூக்கி முகர்ந்தார். "யார் மாட்டினது?"

"நான்தான் மேடம்."

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு."

அண்ணி ஜன்னலில் குனிந்தாள். "கொழுந்தனாரே, ராக்கெட்டை இங்கேயே இறக்கி வச்சுட்டுப் போங்க."

டேங்கை விளிம்புவரை நிரப்பி, அறுபது கிலோமீட்டர் சுற்றி, மறுபடி விளிம்புவரை நிரப்பிப் பார்ப்பது கணக்கு. தூரத்தில் சிவப்பைப் பார்த்ததும் காலை எடுத்து வண்டியைத் தானாக உருள விட்டான். ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்தான். தன் காலைத் தானே பிடித்துக் கட்டிப்போட்டது போலத்தான் இருந்தது.

பதினாலரை வந்தது.

"அரை குறையுது," என்றார் அந்த அம்மா.

"ஆமா மேடம்."

"காலையில இருந்து ஆறு வண்டியில ஏறி இறங்கிட்டேன். ரெண்டுல பெட்ரோல் வாடை. கேட்டா, இப்பதான் நிரப்பினோம்னு கூசாம சொல்றாங்க. அந்த அரையை நீ ஒரு மாசத்துல கொண்டு வா. நாளைக்குக் காலையில ஆறரைக்கு முதல் சவாரி. பதினோரு வயசுப் பொண்ணு. சிகிச்சை முடிஞ்சா உக்கார முடியாது, பின்சீட்ல படுத்துக்கிட்டுத்தான் வரும். மெதுவா ஓட்டு."

ராக்கெட் பட்டறைக்குத் திரும்பியபோது அண்ணி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது." அவ்வளவுதான் வந்தது. "பதினோரு வயசுப் பொண்ணாம் அண்ணி. படுத்துக்கிட்டு வருமாம்." அடக்கிப் பார்த்தும் முடியாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "நீங்க மட்டும் இல்லன்னா..."

"நான் ஸ்பேனரைக் கையிலயே குடுத்துட்டேனே," என்றாள் அண்ணி. "நீதான் மாட்டல."