வலிக்காத கட்டி

கருத்தக்கண்ணன் வண்டியில் வைக்கோலை உதறிப் பரப்பி, அதன்மேல் தன் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, மூத்தவள் மாயக்காளைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தான். இளையவள் இருளம்மாள் தானாகவே தொற்றி ஏறிக்கொண்டாள். மாயக்காளுக்குக் காலில் ஒரு குறையும் கிடையாது. நேற்றுவரை தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகத் தண்ணீர் சுமந்தவள்தான். மார்பில் எலுமிச்சங்காய் அளவு கட்டி இருந்தால் காலுக்கு என்ன வந்தது? இருளம்மாளுக்கு வயிறு எரிந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைக்காக என்று சொல்லித்தான் அவளை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை என்னவோ அவள் வயிற்றிலும் தங்கவில்லை. புருஷன்தான் அவள் பக்கமே தங்கிவிட்டான். தேனிச் சந்தைக்குப் போய்வந்தால் பூவும் அவளுக்கு, அல்வாவும் அவளுக்கு. மூத்தவளுக்கு அடுப்பும் மாட்டுக்கொட்டடியும். அது அப்படித்தான் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்ட மாதிரி நாள் ஓடிக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன கட்டி வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டது. இப்போதெல்லாம் மாயக்காள் சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டுத்தான் அவன் சோற்றில் கை வைக்கிறான்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பெரியகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். புற்றுநோய்க்கென்றே தேசம் முழுக்கக் கிளை வைத்த ஒரு சங்கம். அதன் தலைவி டாக்டர் சுகிர்தம் பட்டணத்திலிருந்து நேரிலேயே வந்திருந்தார். ஊர் ஊராகப் பேசிப் பேசிக் கம்மிப்போன குரலோடு, வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வலிக்கிற கட்டின்னா நீங்களே வைத்தியர்கிட்ட ஓடிப்போயிடுவீங்க. நான் தேடி வந்தது வலிக்காத கட்டியை. வலிக்கலையேன்னு சும்மா இருந்தும், வெட்கப்பட்டு மறைச்சு வச்சும் நிறையப் பேர் போயிட்டாங்கம்மா. ஆரம்பத்திலேயே வந்தா காப்பாத்தலாம்."

இது எதுவும் இருளம்மாள் காதில் ஏறவில்லை. கருத்தக்கண்ணன் தோள் துண்டை எடுத்து மாயக்காளுக்கு விசிறிக்கொண்டிருந்ததையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாயக்காளை உள்ளே கூப்பிட்டுப் பரிசோதித்த பிறகு, சங்கத்துப் பெண் ஒருத்தி வெளியே வந்து விவரம் சொன்னாள். பட்டணத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் தங்கி ரேடியம் வைத்து வைத்தியம் செய்ய வேண்டும். செலவு சங்கத்தினுடையது. துணைக்கு ஒருவர் போகலாம்.

"நானே போறேன். அவளுக்கு வேற யாரு இருக்கா" என்றான் கருத்தக்கண்ணன். சொல்லிவிட்டு, மாயக்காளுக்கு நாக்கு வறண்டிருக்குமென்று கடைவீதிப் பக்கம் வேகமாக நடந்தான்.

இரண்டு மாதம். அவளும் அவனும் மட்டும். சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப் போவான். கை பிடித்து நடத்துவான். இருளம்மாள் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் அதன் ஓரத்தில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருப்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போனாள். மாயக்காள் இன்னும் அங்கேதான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் கட்டி இருக்குங்க" என்றாள் டாக்டரிடம்.

"எந்தப் பக்கம்மா?"

"எடது பக்கம்." மாயக்காளுக்கும் இடதுதான்.

"வலிக்குதா?"

"உசுரு போகுதுங்க."

டாக்டர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். ஆனாலும் ஏனோதானோவென்று விட்டுவிடவில்லை. திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, இரண்டு மார்பையும் அக்குளையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணுமில்லை. நல்ல திடமான உடம்பு."

இருளம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயம் தெளிந்து அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார். திரையை விலக்கியதும் மாயக்காளைக் காட்டி, "இவங்க உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.



"என் தங்கச்சிங்க" என்றாள் மாயக்காள்.

"அப்ப நல்லதாப் போச்சு. பெண்கள் வார்டுல ஆம்பளைங்க தங்க முடியாது. துணைக்கு வர்றவங்களுக்கும் உடம்பு நல்லா இருக்கணும். வியாழக்கிழமை நீயே கூட வந்துடு." பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

புருஷன் போகக்கூடாது என்றுதான் அவள் உள்ளே வந்தாள். அவன் போகப்போவதில்லை. ஆனால் இப்படியா? அவனை ஊரில் விட்டுவிட்டு, இவளுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு, இரண்டு மாதம்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்த பிறகு மாயக்காள் மெதுவாகக் கேட்டாள்.

"எதுக்கு ஆத்தா பொய் சொன்ன?"

இருளம்மாள் குனிந்து தரையைக் கீறினாள். "ஒன்னய மட்டும் கூட்டிட்டுப் போறேன்னாக. எனக்குப் பொறுக்கல, அக்கா."

மாயக்காள் திட்டுவாள் என்று காத்திருந்தாள். மாயக்காள் திட்டவில்லை.

"நானும் பன்னெண்டு வருசமா அதத்தான் வேண்டுனேன். ஏதாச்சும் ஒரு நோவு வந்தா இந்த மனுசன் திரும்பிப் பாப்பாகளான்னு." அவள் கை தானாக இடது பக்கம் போய் நின்றது. "வந்துருச்சு."

இருளம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த நேரத்தில் கடைவீதி முனையில் கருத்தக்கண்ணன் வந்துகொண்டிருந்தான். கையில் ஒரே ஒரு கலர் சோடா. சிந்திவிடாமல் புட்டியின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான். மரத்தடியில் இருவரும் ஒருசேரத் தன்னையே பார்ப்பதைக் கண்டதும், பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டான்.